அசோகன் வரும் வரைக்கும்

"உங்க வூட்டாண்டயே கரண்ட் தயார் பண்றான். நீ இன்னாடான்னா ஜெனரேட்டர் கேட்டு என்னாண்ட வந்து நிக்கிறே. நல்லாக் கீது மாமு!" பஷீர் சிரித்தார்.

வேலப்பன் சிரிக்கவில்லை. எண்ணூரில் அவர் வீட்டு மாடியில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். ஆனால் இன்று காலை தெருவின் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆகும் என்று மின்வாரியத்தில் கையை விரித்துவிட்டார்கள். திருவொற்றியூரில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் பஷீரைத் தேடி, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருந்தார்.

"இன்னா ஓடணும்? ஃபேனு, லைட்டா?"

"கம்ப்ரசர் ஓடணும் பாய். நிக்கவே கூடாது. நாளைக்குக் காலைல குவைத்லேர்ந்து பையன் வர்றான். ஆறு வருசம் ஆச்சு அவன் போயி."

"அட்றா! மவன் வர்றான்னு ஏசி போட்டுட்டியா?"

வேலப்பன் வெளியே பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பஷீர் ஒரு சின்ன ஜெனரேட்டரை ஒற்றைக் கையால் தூக்கி வைத்தார். "காலேஜ் பசங்க ஏலகிரில டென்ட் போட இத்தத்தான் எடுத்துக்கினு போறானுங்க. குழந்தை மாதிரி, சத்தமே போடாது."

கடையிலிருந்த பழைய ஃப்ரிட்ஜை அதில் மாட்டினார். ஃப்ரிட்ஜ் ஒரு முறை முனகியது. ஜெனரேட்டர் இருமி அணைந்துபோனது.

"ஊஹும். கம்ப்ரசர் கெளம்பறப்போ ஒரு இழு இழுக்கும். இது தாங்கல."

அடுத்து, சக்கரம் வைத்த டீசல் ஜெனரேட்டர். கயிற்றை இழுத்ததும் கடையின் ஷட்டரே அதிர்ந்தது. ஃப்ரிட்ஜ் ஓடியது.

"சத்தம் ஜாஸ்தி பாய். அவளுக்கு ஆவாது."

"வூட்டம்மாவுக்கா? கதவ சாத்திக்கினு ஜில்லுனு படுத்தா இன்னா கேக்கப் போவுது?"

"சாத்த முடியாது. ஜனம் வந்துகினே கீது."

"வராம? ஆறு வருசம் கழிச்சு வர்றான். தெருவே வரும்."

வேலப்பன் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். மனைவி கன்னியம்மாவுக்கு வெக்கை தாங்காது. ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வாசலோரம்தான் படுப்பாள். மேலே விமானம் போனால் படுத்தபடியே அண்ணாந்து, "அசோக்கு இதுல வந்தா இன்னாவாம்?" என்பாள். ஒவ்வொரு விமானத்துக்கும் கேட்பாள். இவரும் ஒவ்வொரு முறையும், "வருவான்டி" என்பார்.

செல்போன் அடித்தது. பஷீர் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

"நைனா, ராத்திரி ஃப்ளைட்டுக்கு இப்பவே ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன். அம்மாவாண்ட குடு. ஒரு வார்த்தை பேசிடறேன்."

வேலப்பன் போனை மறு காதுக்கு மாற்றினார். நடுவில் கடல் இரைவதுபோல் போன் இரைந்தது.

"நைனா?"

"தூங்குதுடா."

"எம்மேல கோவமா கீதா?"

"இல்லடா. நீ வந்துடு. நேர்ல பாரு."

போனைச் சட்டைப்பையில் வைக்க வெகுநேரம் ஆனது. பஷீர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒடம்புக்கு முடியலியா மாமு? சொல்லக் கூடாதா? பெருசையே எடுத்துக்க. தெருக்கோடில நிறுத்தி வயர் இழுத்துக்கலாம், சத்தம் அண்டாது. நானே வந்து மாட்டிக் குடுக்கறேன்."

"அவன் வர்ற வரைக்கும் நிக்கக் கூடாது பாய். அது ஒண்ணுதான்."

"நிக்காது. நானாச்சு."

இருவருமாகத் தூக்கி மீன்பாடி வண்டியில் ஏற்றினார்கள். எண்ணூர் போகும்வரை வேலப்பன் ஜெனரேட்டரைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஜெனரேட்டர் நிற்கவில்லை. பஷீர் வீட்டுக்குப் போகாமல் டீசல் கேனோடு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை அசோகன் வந்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் பூத்திருந்த ஈரத்தைக் கையால் துடைத்து, கொஞ்சமும் மாறாத அம்மாவின் முகத்தைப் பார்த்தான். சாயங்காலம் எடுத்தார்கள்.