வெடிப்பில் ஓர் அரசங்கன்று

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தலையில் ஈரத்துண்டோடு குந்தியிருந்தார் விஜயராகவன்.

கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்கு வருவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும்.

எதிரே, கைப்பிடிச் சுவரின் வெடிப்பில், அந்த அரசங்கன்று தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது.

மயிலாப்பூரின் அந்தச் சின்னத் தெருவைப் பாரம்பரியத் தெரு என்று அறிவிக்க வைத்து, வீட்டு வாசலில் நீலப் பலகை மாட்டுவதற்குள் அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. இனி எவனும் இந்த வீட்டை இடிக்க முடியாது. தானாக விழுந்தால்தான் உண்டு.

கன்றின் வேர் அதற்குத்தான் வழி பார்த்தது. கீழே கூடத்துச் சுவர் வரைக்கும் விரிசல் இறங்கிவிட்டது.

பிடுங்கி எறிய வேண்டியதுதானே என்றால், அரசமரத்தில் அவர் கைவைக்க மாட்டார். பாவம். கொத்தனார் முருகனைக் கூப்பிட்டார். அவனும் எட்டிப் பார்த்துவிட்டு நழுவினான்.

“வூட்ல புள்ளகுட்டி கீது சார். சாமி மரத்துல நான் கை வெக்க மாட்டேன்.”

சரி, வெயில் பார்த்துக்கொள்ளட்டும், பாவம் சூரியனைச் சேரட்டும் என்று விட்டுவிட்டார். தெருவில் பச்சை என்று ஒன்று மிச்சமில்லாமல் கருகியது. இது மட்டும் துளிர்விட்டது.

யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

யாரோ என்ன யாரோ! பக்கத்து வீட்டு ஜவஹர்தான். ஜவுளிக்கடைக்குக் கிடங்கு வேண்டும் என்று இந்த வீட்டை விலைக்குக் கேட்டவன். பலகை மாட்டிய நாளிலிருந்து அளவுக்கு மீறிச் சிரிக்கிறான். மாடிக்கு மாடி ஒரு தாண்டுதான். அவன் பார்வையே சரியில்லை என்று மனைவி ஸ்ரீலக்ஷ்மியும் சொல்லியிருந்தாள்.

காலடித் தடம் பிடிக்க, அவளிடமே கோலமாவு வாங்கித் தரையெல்லாம் தூவிவைத்தார். மறுநாள் வந்து பார்த்தால் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. எத்தனை கெட்டிக்காரத் திருடன்!

ஸ்ரீலக்ஷ்மியை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. போன மழையில், கொல்லைக் கழிப்பறைக்குப் போகும்போது முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து, இடுப்பில் தகடு வைத்திருக்கிறது. உள்ளேயே ஒரு குளியலறை கட்டுங்கள் என்று அழுதாள். பழைய சுவரில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட விடமாட்டேன் என்றுவிட்டார்.

படியில் சத்தம் கேட்டது.

சுவரேறிக் குதிப்பான் என்று பார்த்தால் படி வழியாகவே வருகிறானே, என்ன துணிச்சல்!

முதலில் பித்தளைச் சொம்பு தெரிந்தது. பிறகு, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஸ்ரீலக்ஷ்மி.

அவருக்குப் போன உயிர் வந்தது. அடடா, பக்தி! முடியாத உடம்போடு அரசமரத்துக்குத் தண்ணீர் வார்க்க ஏறி வருகிறாள்.

அவள் கும்பிடவில்லை. வெடிப்புக்குள் சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். பிறகு விரலை உள்ளே விட்டு ஆழம் பார்த்தாள்.

வாயைத் திறந்தபடி எழுந்து நின்ற அவரைக் கண்டும் அவள் பதறவில்லை.

“சத்தம் போடாதேங்கோ. இன்னும் ஒரே ஒரு மழை போறும்.”