புளோறன்ஸ் அன்ரியின் கொப்பி

"கேள்வி கேக்கிற வீட்டில ஒரு ராவுக்கு மேல தங்காதை..." என்று ஹியூபேட்டைப் பெற்ற ஐயா சொல்லுவார். அதற்கு இன்னொரு பாதி இருந்தது. எவ்வளவு யோசித்தும் அவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

ஒரு இரவா? கொழும்பு கொட்டாஞ்சேனையில் புளோறன்ஸ் அன்ரியின் மேல்மாடி வாடகை அறைக்கு அவன் வந்து எட்டு மாதம்.

"தம்பி, இளவாலையில எத்தினையாம் வகுப்பு வரைக்கும் படிச்சனி?"

"பத்து வரைக்கும் அன்ரி."

"கணக்குக்கு எவ்வளவு எடுப்பாய்?"

"எட்டாம் வகுப்பில ஒருக்கா நூறு."

"அம்மை வந்ததா? எத்தினை வயசில?"

"ஒம்பதில."

எல்லாவற்றையும் அன்ரி ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வாள். டெலிபோனுக்குப் பூட்டுப் போட்டு, அதன் பக்கத்திலேயே கொப்பியையும் வைத்திருந்தாள்.

அறைத்தோழன் நாகேந்திரத்துக்கு இது பிடிக்கவே இல்லை.

"டேய், தமிழ்ப் பொடியள் கொழும்பில தங்கிறதுக்கான பொலிஸ் பதிவுக்குப் பேரும் அடையாள அட்டை நம்பரும் போதும். உனக்கு அம்மை வந்த வயசு பொலிசுக்கு எதுக்கடா?"

"சும்மா கேக்கிறாவாக்கும்."

"சும்மாவோ? போன மாசம் பக்கத்து ஒழுங்கையில மூண்டு பொடியளைப் பொலிசுக்காரர் அள்ளிக்கொண்டு போனவங்கள். ஆர் சொல்லிக் குடுத்தது? மச்சான், மனுசி ஆருக்கோ தகவல் குடுக்குது."

 ஹியூபேட் அன்றைக்கே பெட்டியைக் கட்டி ஆயத்தமாக வைத்துவிட்டான்.

அவன் புரோகிராமராக இருந்த கொம்பனி ஆவணியில் இழுத்து மூடப்பட்டது. விமான நிலையத்தில் குண்டு வெடித்த கையோடு, வேலை கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு முப்பத்தொரு விண்ணப்பம் போட்டான். புரட்டாதியில் ஒரேயொரு இடத்திலிருந்து டெலிபோன் கோல் வந்தது. அந்த நேரம் பார்த்து அவன் வீட்டில் இல்லை.

"என்ன அன்ரி சொன்னீங்கள்?"

"இங்க அறை எடுத்திருக்கிற பொடியன் எண்டு சொன்னன். டக்கெண்டு வைச்சிட்டாங்கள்."

அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள்தான் கொப்பி வந்தது.

வேலை ஒரு பக்கம், கனடா மறு பக்கம். டொரொன்டோ மாமா ஏற்பாடு செய்து, அவன் பாஸ்போட் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் வெள்ளவத்தை ஏஜென்சிக்காரன் கையில் கிடந்தது. எது முந்துகிறதோ அது என்று இருந்தான்.

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்த அன்ரி முக்காட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"தம்பி, மறைக்காமல் சொல்லு. ஏஜென்சிக்குப் பாஸ்போட் குடுத்திருக்கிறியா?"

"இல்லை அன்ரி."

"வெளிநாடு போற எண்ணம்?"

"சத்தியமா இல்லை."

அதையும் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தாள். சுவரில் அவள் மகன் ஹெக்டர் கோட்டும் சூட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கனடாவுக்குப் போய் நாலு வருசம்.

தகவல்காரிக்குப் பொய் சொன்னால் பாவமில்லை என்று ஹியூபேட் நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை இரத்மலானையில் இன்டர்வியூ. ஒரு இடத்துக்கு அறுபது பேர் சோதனை எழுதியிருந்தார்கள். மனேஜர் மஜீட் அவனுடைய விடைத்தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"கோட் பிழையில்ல. அறுபது பேர்ல ஒங்கடதுதான் சுத்தம்."

"தேங்க்ஸ் சேர்."

"ஆனா எனக்கொரு பயம் ஈக்கிது. போன வருசம் ஒங்கட ஊர்ப்பக்கத்துப் பொடியன்மார் ரெண்டு பேரை எடுத்தேன். புரொஜெக்ட் பாதியில ஈக்கக்குள்ள ரெண்டு பேரும் கனடா."

ஹியூபேட் கழுத்துப்பட்டியை ஒரு தரம் சரி செய்தான்.

"அதனால இப்ப, ஆளுக்குத் தெரியாம வீட்டுக்கு ஒரு கோல் எடுப்பேன். லொட்ஜ், வாடகை ரூம் எண்டா பிளைட்டுக்குக் காத்திருக்கிற ஆளுதான், பைலை அங்கயே மூடிருவேன்."

முடிந்தது கதை என்று ஹியூபேட் எழும்பப் பார்த்தான்.

"எங்க எழும்புறீங்க? ஒங்கட அம்மாவோட நேத்துக் கதைச்சேன்."

ஹியூபேட்டின் அம்மா தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது சாவகச்சேரியிலேயே கண்ணை மூடிவிட்டாள்.

"அம்மாவோடயா சேர்?"

"ஓம். நல்ல மனுசி. எட்டாம் வகுப்பில நீங்க கணக்குக்கு நூறு எடுத்தது, ஒம்பது வயசில அம்மை வந்தது எல்லாம் சென்னாங்க." மஜீட் சிரித்தார். "நடுவுல கொப்பி பெரட்டுற சத்தமும் கேட்டிச்சி. புள்ளையப் பத்திக் கொப்பியில எழுதி வெச்சீக்கிற தாயை நான் இப்பதான் கேள்விப்படுறேன்."

டெலிபோனுக்குப் பக்கத்தில் கிடக்கும் கொப்பி ஹியூபேட்டின் கண்ணுக்குள் வந்தது.

"மகன் வெளிநாடு போவாரான்னு கேட்டேன். மறுபடியும் கொப்பி பெரட்டினாங்க. பொறகு சென்னாங்க, 'மூத்தவன் போயிட்டான். இவன் போகமாட்டான் சேர். எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறான்' எண்டு. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? திங்கக்கிழமை எட்டரைக்கு வாங்க."

காலி வீதியில் மட்டக்குளி பஸ் நெரிசலாக வந்தது. ஜன்னலோரம் ஒருவர் எழும்பி இடம் கிடைத்தும் ஹியூபேட் கம்பியைப் பிடித்தபடி நின்றான். ஐயா சொன்னதின் மறுபாதி இப்போதும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வெள்ளவத்தை மார்க்கெட்டடியில் இறங்கினான். ஏஜென்சிக்காரனிடம் போய்ப் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.