மூன்று மணிக் கூட்டம்

“போனை அணைச்சுப் பையில போடு. யாராவது வர்ற வரைக்கும் இந்த அறையை விட்டு நகரக் கூடாது” என்றார் கல்லூரி டீன் ப்ரூயிட். கதவைப் பிடித்தபடி அவர் வெளியிலேயே நிற்க, மேரன் மட்டும் உள்ளே போனாள்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. “ஆமா சார், என்கிட்டதான் இருக்கா. மூணு மணிக் கூட்டத்துக்கு வர மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு.” எதிர்முனையில் கல்லூரித் தலைவர் என்று புரிந்ததும் மேரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கன்சாஸின் அந்தச் சின்னக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு அங்கீகாரம் புதுப்பிக்க, வெளியூரிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி எந்த மாணவரையும் ஒதுக்கியதில்லை என்று குழுவுக்கான அறிக்கையில் நிர்வாகம் கூசாமல் எழுதியிருந்தது. மேரன் கோரா என்ற பெண்ணைக் காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் அவளை விடுதியிலிருந்து துரத்தி, பாடகர் குழுவில் பெயரை அடித்து, முழுசாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

போதாக்குறைக்கு ஒரு கடிதம் வேறு. கோராவை நேசித்தது பாவம், மனம் திருந்திவிட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மே மாதம் பட்டம் கிடையாது. அந்தக் கடிதத்தை அவளிடம் நீட்டியவர் இதே ப்ரூயிட்தான்.

குழு மாணவர்களைச் சந்திப்பது இன்று மூன்று மணிக்கு, ஒரே ஒரு முறை. நாளைக் காலை விமானம் ஏறிவிடுவார்கள்.

“பயமா இருக்கா சார்? நான் வாயைத் திறந்தா உங்க அங்கீகாரம் ஆட்டம் கண்டுடுமோ?”

“நான் உன்கிட்ட எதுவும் பேசக் கூடாது, மேரன்.”

“என்கிட்ட பேச மாட்டீங்க. காலையில குழுகிட்ட ஒரு மணி நேரம் பேசினீங்களே, நான் பார்த்தேன். முகமெல்லாம் வேர்த்து, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே வெளியே வந்தீங்க. என்மேல எத்தனை பொய் சொல்லியிருந்தா அப்படி வேர்க்கும்?”

ப்ரூயிட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நல்லாக் கேட்டுக்குங்க. அந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். பட்டத்தை நீங்களே வச்சுச் சுவத்துல மாட்டிக்குங்க. நான் கோராவை நேசிக்கறேன். உங்க சர்ச் மேடையில மைக் குடுத்தாலும் இதைத்தான் சொல்வேன்.”

“மேசை மேல தண்ணி இருக்கு. குடி” என்று மட்டும் சொன்னார். நிலைப்படியைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காமல், எட்டிக் கைப்பிடியை இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“எனக்கென்ன தொத்து வியாதியா? உள்ள வந்தா ஒட்டிக்குமா?” என்று கத்தினாள். காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

கதவுக் கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தது. நீள மேசை, ஒரு பிரிண்டர், நாலைந்து தண்ணீர் பாட்டில், தட்டில் பாதி தின்ற பிஸ்கட். ஒருத்தியை ஒளித்து வைக்க நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறார் மனுஷன் என்று பல்லைக் கடித்தாள்.

தேவாலய மணி மூன்று அடித்தது. தலைவர் பொறுக்கி எடுத்த பன்னிரண்டு மாணவர்களும் இந்நேரம் குழுவின் முன்னால் உட்கார்ந்து, இங்கே எல்லாரும் ஒரே குடும்பம் என்று சிரித்த முகமாக ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருத்தி கிட்டத்தட்ட இரண்டு மாதமாகக் கோராவின் சித்தி வீட்டு சோபாவில் படுத்துக் கிடப்பதை யார் சொல்லப் போகிறார்கள்? அழுகை முட்டியது. இவர்களுக்காக அழுவதாவது என்று அதை விழுங்கினாள்.

கதவைப் பூட்டியிருப்பார், உடைக்க வேண்டியதுதான் என்று நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கையால் கைப்பிடியைத் திருகினால், அது வெண்ணெயாய்த் திறந்துகொண்டது.

வெளியே இரண்டு பேர். நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மாள் ஒருத்தி, கூடவே கோப்பு சுமந்த ஒரு ஆள். இருவர் கழுத்திலும் அங்கீகாரக் குழுவின் அட்டை.

“நாற்காலியைத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்டே?” என்றாள் அந்த அம்மாள்.

“மூணு மணிக் கூட்டத்துக்கு. என்னை யாரும் தடுக்க முடியாது.”

“அங்க எங்க ஆளுங்க ரெண்டு பேர் போயிருக்காங்க. நாங்க உன்னைப் பார்க்கத்தான் வந்தோம், மேரன். இது எங்க குழுவோட அறை. கல்லூரி ஆளுங்க யாரும் இதுக்குள்ள கால் வைக்கக் கூடாது, எங்ககிட்ட பேச வர்ற மாணவருக்கு எதையும் சொல்லிக் குடுக்கவும் கூடாது. நாற்காலியை இறக்கி அதுலயே உக்காரு.”

மேரன் உட்காரவில்லை. “முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். காலையில டீன் என்னைப் பத்திச் சொன்னது அத்தனையும் பொய்!”

அந்த அம்மாள் கோப்பைப் பிரித்து, ப்ரூயிட் கையெழுத்துப் போட்ட தாளை அவள் பக்கம் திருப்பினாள். “உனக்குக் காட்டலாம்னு அவரே சொல்லிட்டுப் போனார்.”

“என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கார்?”

“உன்னைப் பத்தி இல்லம்மா, தான் நேசிக்கற, முப்பது வருஷமா தன்கூட ஒளிஞ்சு வாழற மனுஷனைப் பத்தி.”