வேர்க் கஷாயம் யாருக்கு?

ஆய்வுக்கூடத்தில் இரண்டு எலிகளுக்குக் கால் வீங்கியிருந்தது. ஆப்பிரிக்கக் காட்டு வேர் ஒன்று வீக்கத்தை வற்ற வைக்குமா என்று பார்க்க, குண்டெலிக்கு அந்த வேரின் கஷாயத்தையும் ஒல்லியெலிக்கு வெறும் தண்ணீரையும் வைத்தார்கள். யாருக்கு எது என்று எலிகளுக்குச் சொல்வது வழக்கமில்லை.

“தூ, கசக்குது! எனக்குப் பாத்திரம் கழுவுன தண்ணியை வச்சு ஏமாத்திட்டாங்க,” என்றது குண்டெலி.

“அப்போ வேர் எனக்குத்தான். என்ன மணம், என்ன குணம்!” என்று சப்புக்கொட்டியது ஒல்லியெலி.

மறுநாள் குண்டெலி திட்டிக்கொண்டே கூண்டுச் சக்கரத்தில் ஓடியது. ஒல்லியெலி நொண்டி நொண்டி வந்தது.

“என் கிண்ணத்துல மிச்சம் இருக்கு, குடிக்கிறியா?” என்று கேட்டது குண்டெலி.

“அந்தக் கழுநீரை எவன் குடிப்பான்? எனக்குத்தான் வலி சுத்தமா போயிடுச்சே! அது இருந்த இடம் மட்டுந்தான் வலிக்குது.”