தக்காளிக்குப் போகாத கருப்பு

"அழுத்தித் தேய்மே! இன்னா, கொயந்தைக்குப் பவுடர் போடுற மாரி தடவிகினு கீற?"

ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார் நீலமேகம். பாதித் தக்காளியோடு எதிரே நின்ற சொக்கம்மாள் புருஷனை முறைத்தாள்.

"கண்ணாலம் நம்ம பொண்ணுக்கா, உனுக்காய்யா? இந்த வயசுல இன்னா மினுக்கு?"

"மேடையில பொண்ணோட அப்பன் கரிக்கட்டையாட்டம் நின்னா நல்லாவா கீது? தக்காளி தேச்சா வெயில் கருப்பு போவும்னு போன்ல போட்டுக்கீறான்."

அவள் தக்காளியை இடது கைக்கு மாற்றினாள்.

"தே! மூஞ்சில பீச்சாங்கைய வைக்காத!"

சொக்கம்மாள் தக்காளியை மறுபடி வலது கைக்கே மாற்றினாள். காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் இருபது வருஷம் அருவாமனையில் வஞ்சிரம் வெட்டிய கை அது. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து விரல்கள் மடங்கிப்போயின. பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை, "நான் இன்னா பாப்பாவா?" என்று கட்டிலடியில் விட்டெறிந்தவள்தான். இனி அருவாமனை முன்னால் உட்காரப்போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஆனால் இந்த மனுஷனின் அழகு ஆசைக்கு மட்டும் அவளால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஆரம்பத்தில் தக்காளி நழுவித் தரையில் விழும். அவர் சளைக்காமல் அடுத்த பாதியை எடுத்துக் கொடுப்பார். முகம் முடிந்தால் தலை. "பொடுகும் போவுமாம்மே, தேயி!"

இரண்டு மாதமாகிறது. கருப்பு போன பாடில்லை.

"என் கையில தெம்பு இல்லய்யா. கார்குழலிய தேய்க்கச் சொல்லு."

"அவ கண்ணாலப் பொண்ணு. நீதான் தேய்க்கணும்" என்றபடி முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

தலைக்குத் தேய்க்க இன்னொரு தக்காளியை அவள் எடுத்தபோது, வாசலில் தாவூது நின்றான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நீலமேகத்தோடு வேலை பார்ப்பவன்.

"அண்ணி, அண்ணன் நேத்து சாப்பாட்டுக் கேரியர மார்க்கெட்லயே மறந்துட்டு வந்துட்டாரு. இந்தாங்கோ."

"வா தம்பி. உங்க மொதலாளியாண்ட சொல்லி அவருக்கு நெயல்ல ஒரு வேலை குடுக்கச் சொல்லேன். வெயில்ல கம்பி எறக்கி எறக்கி மூஞ்சியே கருகிப் போச்சு. நானும் தேய்க்கிறேன், ஒண்ணும் ஆவல."

தாவூது விழித்தான்.

"இன்னா அண்ணி சொல்றீங்கோ? ரெண்டு மாசமா அண்ணன் எடைமேடை ரூம்ல, ஃபேனுக்கு அடியில இல்ல குந்திகினு கீறாரு! ஆனா மத்தியானம் ஆனா போதும், தலையில துண்டுகூடப் போடாம வெயில்ல வந்து மூஞ்சியக் காட்டிகினு ஒரு மணி நேரம் நிக்கிறாரு. இன்னாண்ணேன்னு கேட்டா, 'வூட்ல ஒரு கைக்கு வேலை வேணும் தாவூது'ன்னு சிரிக்கிறாரு."

சொக்கம்மாள் குனிந்து பார்த்தாள். அவள் வலது கை பிடித்திருந்த முழுத் தக்காளி, அவளை அறியாமலே பிழிபட்டு, முழங்கை வரை சாறாக வழிந்துகொண்டிருந்தது.