பின்னால் வந்தவர்களுக்கு முதலில்

பிரிட்ஜ்டவுன் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில், வின்ஃபீல்டு வந்து நின்று அரைமணி நேரம் ஆகிவிட்டது. அவனுக்குப் பின்னால் வந்த நாலு பேர் சோளக்களியும் மீன்குழம்பும் சாப்பிட்டு ஏப்பமும் விட்டாயிற்று.

"நான் ஒருத்தன் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

பரிமாறிக்கொண்டிருந்த எர்மின் நிமிரவே இல்லை. அப்போதுதான் நுழைந்த ஒருவர் "எல்லாருக்கும் வணக்கம்" என்றதும், "வாங்கண்ணே" என்று அவருக்குத் தட்டை நீட்டினாள்.

"இது என்ன அநியாயம்? காலையிலேர்ந்து பட்டினி, தெரியுமா?"

மூலை மேசையில் இருந்த கிழவர் சிரித்தார். "கத்தி என்ன பிரயோஜனம் தம்பி? உள்ள வந்ததும் வணக்கம் சொன்னியா? அதைச் சொல்லாதவனுக்கு இந்த ஊர்ல யாரு தட்டை நீட்டுவா?"

வின்ஃபீல்டு பல்லைக் கடித்தான்.

"சரி. வணக்கம்."

அடுத்த நொடியே ஆவி பறக்கும் தட்டு அவன் முன்னால் வந்தது.

"இதைக் காலையில எந்திரிச்சதும் சொல்லியிருந்தா, வீட்டுலேயே வயிறாரப் போட்டிருப்பேன்" என்றாள் எர்மின். "கடைக்காரிக்குச் சொல்ற வாய், பொண்டாட்டிக்குச் சொன்னா தேஞ்சா போயிடும்?"