நானூறு பொன்னுக்கு ஒரு தோல்

“சீச்சீ! மனுஷன் தொடுற பொருளா இது? தள்ளி வை தம்பி!”

நூருல் அமீன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினார். முப்பது வருஷமாகத் தோல் மண்டி நடத்துகிறவர். அவர் ஏறினால் டவுன் பஸ்ஸில் பாதி சீட் தானாகக் காலியாகிவிடும். அப்பேர்ப்பட்டவருக்கே குமட்டியது.

இளைஞன் காளை தள்ளி வைத்தது ஒரு நோட்டுத் தாளை. அதில் பென்சிலால் ‘குகைப்பூதத்தின் தோல், ஒன்று’ என்று எழுதியிருந்தது.

எண்பத்து நாலாம் வருஷம், வில்லாபுரத்து மாடி அறையில் ஞாயிறு தவறாமல் நடந்த ஆட்டம் அது. காளையின் அக்கா செல்லத்தாய் கணக்கு டீச்சர். அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தபோது ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்த தடிப் புத்தகமும், இருபது முகப் பகடையும்தான் மூலதனம். அவள் கதை சொல்வாள். மற்றவர்கள் வீரர்களாகி, உட்கார்ந்த இடத்திலிருந்தே காடு மலையெல்லாம் அலைவார்கள். இன்றைக்குத் தோல் வியாபாரி வேஷம் தேவைப்பட்டது. கீழ்வீட்டிலேயே அசல் வியாபாரி இருக்கும்போது வேஷம் எதற்கு?

காளைக்கு நானூறு பொற்காசு வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் குகைக்குள் ஒரு புகை கிளம்பியது. கலைந்தபோது கூட வந்த சிநேகிதன் மருதுவைக் காணோம். அவன் உயரத்தில் ஒரு கற்சிலை நின்றது. செல்லத்தாய் நிஜ மருதுவைத் தனியே கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். அன்றிலிருந்து ஆட்டத்தில் அவன் வாய் திறக்கக் கூடாது. ஊரையே பேசிக் கொல்லும் மருது, மூன்று ஞாயிறாக முறுக்கு கடிக்க மட்டும் வாயைத் திறந்தான்.

கல்லை ஆளாக்கும் தைலம் நானூறு காசு. இன்று பொழுது சாய்வதற்குள் சிலை மேல் ஊற்றாவிட்டால், மருது ஆட்டத்துக்குத் திரும்பவே முடியாது. காளையிடம் விற்பதற்கென்று இருந்தது, போன வாரம் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி அவன் கொன்ற பூதத்தின் தோல் மட்டும்தான்.

“நாப்பது காசு தாரேன்” என்றார் அமீன்.

“பாய்! பூதத்தோலு பாய்!”

“பூதமோ ஆடோ, உரிச்ச லட்சணம் முக்கியம். டீச்சரம்மா, தோலு எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லுங்க.”

செல்லத்தாய் புத்தகத்தைப் பார்த்து, சத்துணவுக் கணக்கு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். “முதுகு முழுக்கப் பரு. அமுக்கினா மஞ்சளா வடியும். மயிருக்குள்ள புழு நெளியுது. வயித்துப் பக்கம் பச்சைப் பாசி. இடது தோளுக்குக் கீழ காலணா அகலத்துல ரெண்டு வட்டத் தழும்பு.”

“தழும்பு வேறயா? அஞ்சு காசு கழிச்சுக்க. உப்புப் போட்டியா தம்பி?”

“உப்பு ஏது பாய், குகையில?”

“அட நாசமாப் போறவனே! எட்டு நாளா பச்சையாவா சுருட்டி வச்சிருக்க? உள்ள இருந்த கறி என்னாச்சு?”

“பசி பாய். சுட்டுத் தின்னுட்டேன்.”

“உப்பில்லாமயா?”

“உப்பில்லாமத்தான்.”

அமீனுக்கு மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. காளைக்கே தன் உள்ளங்கை பிசுபிசுப்பதுபோல் இருந்தது; வேட்டியில் நாலு தரம் துடைத்துக்கொண்டான். மருது கடித்த முறுக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, சின்ன வயசில் அம்மை குத்திய இடது தோளைச் சொறிந்தான்.

“அக்கா, அதுல என்ன தைக்கலாம்னு சொல்லேன்” என்று காளை கெஞ்சினான்.

“சட்டை தைச்சா வாள் இறங்காது. செருப்பு தைச்சா சுவத்துல நடக்கலாம். தொப்பி தைச்சுப் போட்டா, எதிர்ல நிக்கிறவன் மனசுல நினைக்கிறது கேக்கும்.”

அமீனின் கைக்குட்டை மூக்கிலிருந்து ஒரு விரற்கடை இறங்கியது.

“மனசுல நினைக்கிறதுன்னா... வாணியம்பாடிக்காரன் என்ன விலைக்குப் படிவான்னுகூடக் கேக்குமா டீச்சரம்மா?”

“அட்சரம் பிசகாமக் கேக்கும்.”

“புழு, பாசியோடயேவா தலையில போடணும்?”

“கழுவினா சக்தி போயிரும்.”

“யா அல்லா!” அமீன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் கோணியது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். “நூறு.”

“ஐந்நூறு பாய்.”

“முந்நூறு. நாத்தத்துக்கு ஒரு மரியாதை கொடு தம்பி.”

“நானூறுக்கு ஒரு காசு குறைஞ்சாலும் எம்புட்டு ஆசையா வளர்த்த சிநேகிதம் கல்லாவே நிக்கும் பாய். உங்க காலைப் பிடிக்கிறேன்.”

“பிடிக்காத! அந்தக் கையாலயா? நானூறே வச்சுக்க, எந்திரி!”

செல்லத்தாய் நோட்டில் நானூறைக் காளை பேருக்கு எழுதி, அப்படியே தைலத்துக்கென்று கழித்தாள். காளை அவசர அவசரமாகக் குகைக்கு ஓடினான், பாயிலிருந்து எழுந்திருக்காமலே.

“சிலை தலையில ஊத்திட்டேன்க்கா!”

“சிலை நனைஞ்சிருச்சு.”

“அப்புறம்?”

“அம்புட்டுத்தான். அது ஆதியிலருந்தே வெறுங்கல்லு.”

காளை வாய் பிளந்தான். செல்லத்தாய் பகடையைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“மருது, இனிமே நீ பேசலாம்.”

மருது ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து, மூன்று வாரத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மாப்ள, நீ உரிச்சது என்னையத்தான்டா.”